கேடயப்பூச்சி பார்க்க வேலியடி போதும்

வன்னியில் பூச்சிப் படம் எடுக்கிறேன் என்று சொன்னால் பலரும் காட்டைத்தான் நினைக்கிறார்கள். "முத்தையன்கட்டுப் பக்கம் போனனியோ, மடுப் பக்கம் போனனியோ?" என்பதுதான் முதல் கேள்வி. கேடயப்பூச்சிக்கு அவ்வளவு தூரம் அலையத் தேவையில்லை. என்னிடம் இருக்கும் நல்ல படங்களில் பெரும்பாலானவை வீட்டு வேலி, கிணற்றடி அவரைப் பந்தல், வாய்க்கால் வரம்பு, பக்கத்துக் கமம் ஆகிய இடங்களில் எடுத்தவைதான். காட்டில் மரம் உயரம். பூச்சி மேலே, நாம் கீழே. வேலியில் எல்லாம் கண் மட்டத்தில் இருக்கும், போதாக்குறைக்குத் தேத்தண்ணியும் பக்கத்திலேயே கிடைக்கும்.

நாத்தப் பூச்சி என்றால் ஊரில் தெரியாதவர்கள் இல்லை. பயிற்றங்காய் ஆயும்போது விரலில் பட்டு, சவர்க்காரம் போட்டாலும் போகாமல் மணக்குமே, அந்தப் பச்சைப் பூச்சிதான். அதற்கு நிறையச் சொந்தக்காரர்கள் உண்டு, எல்லாவற்றையும் சேர்த்துத்தான் கேடயப்பூச்சி என்கிறேன். எல்லாவற்றுக்கும் பொது அடையாளம் முதுகின் நடுவே இருக்கும் முக்கோணத் தகடு. சிலவற்றில் அந்தத் தகடு பாதி முதுகோடு நின்றுவிடும். சிலவற்றில் வளர்ந்து முழு உடலையும் மூடிவிடும். அப்படி மூடியவற்றை வண்டு என்று நினைத்துத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். வண்டுக்கு முதுகின் நடுவே நேர்கோடாக ஒரு பிளவு இருக்கும், இரண்டு செட்டை மூடிகளும் சந்திக்கும் இடம் அது. கேடயப்பூச்சிக்கு அந்தக் கோடு கிடையாது. அப்படியும் சந்தேகம் தீரவில்லை என்றால் தலைக்குக் கீழே பாருங்கள். வண்டுக்குக் கடிக்கும் வாய். இதற்கு நெஞ்சோடு மடித்து வைத்த ஊசிபோன்ற உறிஞ்சுகுழல்.

பூவரசிலும் வெண்டியிலும் பின்பக்கம் ஒட்டியபடி சோடியாக இழுபட்டுத் திரியும் சிவப்புப் பூச்சி கேடயப்பூச்சி அல்ல. அது பருத்திச் சிவப்புப் பூச்சி, டிஸ்டெர்கஸ். வயலில் பால் கதிரைக் குடிக்கும் நீண்டு மெலிந்த லெப்டோகொரைசாவும் வேறு குடும்பம். இரண்டுமே நல்ல படத்துக்கு இடம் கொடுப்பவை என்பதால் நான் விடுவதில்லை. ஆனால் கணக்கில் வேறாக வைத்துக்கொள்ள வேண்டும்.

வெளிநாட்டுக் கையேடுகளை வைத்துக்கொண்டு தொடங்கினால் காலக்கணக்கு பிழைக்கும். குளிர் நாடுகளில் வளர்ந்த பூச்சி இலைச்சருகுக்குள்ளோ மரப்பட்டைக்குள்ளோ குளிர்காலத்தைக் கழித்து, வசந்தத்தில் வெளியே வந்து முட்டையிடும். அங்கே எல்லாவற்றையும் குளிர் தீர்மானிக்கிறது. இங்கே தீர்மானிப்பவை மழையும் காற்றும். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மழை, தை மாசியில் பனி, சித்திரையில் ஓரிரு இடிமழை, வைகாசி கழிந்தால் புரட்டாதி வரை சோளகம் என்ற தென்மேல் காற்று. எந்தச் செடி எப்போது காய்க்கிறது என்பது இந்த ஓட்டத்தோடு மாறும், கேடயப்பூச்சியும் காயின் பின்னால் போகும். அதனால் நான் பூச்சியைத் தேடுவதை விட்டுவிட்டேன். செடியைப் பார்த்து வைத்துக்கொள்வேன், காய் பிடித்ததும் போய் நிற்பேன்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்லும் காலம் தை, மாசி. 'மாசிப் பனி மூசிப் பெய்யும்' என்பது சும்மா சொன்னதில்லை. விடிய ஆறரை மணிக்குப் போனால் இலையெல்லாம் நனைந்து, பூச்சியின் முதுகிலும் துளித்துளியாகப் பனி நிற்கும். உடம்பு குளிர்ந்திருப்பதால் அது ஓடாது. வெயில் ஏறி ஒன்பது மணியானால் கதை வேறு. லென்ஸைக் கிட்டக் கொண்டுபோகும் முன்னரே தண்டின் மறுபக்கம் போய்விடும் அல்லது காலை விட்டுக் கீழே விழுந்துவிடும்.

மறுபக்கம் போகிற பழக்கத்தை நமக்குச் சாதகமாக்கலாம். வலக்கையில் கமராவைப் பிடித்துக்கொண்டு, இடக்கையை மெதுவாகத் தண்டுக்குப் பின்னால் கொண்டுபோங்கள். தொடத் தேவையில்லை, பின்னால் ஏதோ அசைகிறது என்று அதற்குத் தெரிந்தால் போதும். தானாகச் சுற்றிக்கொண்டு நம் பக்கம் வந்துவிடும். விழுகிற பழக்கத்துக்குத்தான் மருந்து இல்லை. செடியை ஆட்டாமல் நடப்பதும், நம் நிழல் அதன்மேல் விழாமல் பார்த்துக்கொள்வதும்தான் வழி.

இந்தக் காலத்தில் கௌப்பி, பயறு, உழுந்து, பயிற்றங்காய் எதிலும் பச்சைக் கேடயப்பூச்சியைக் காணலாம். பெயர் நெசாரா விரிடுலா, லின்னேயஸ் 1758இல் பெயரிட்டது. உலகின் வெப்பமான பகுதிகள் எல்லாவற்றிலும் இருக்கும் பூச்சி என்பதால் 'அதுதானே' என்று பலர் அலட்சியமாக விடுவார்கள். என்னைக் கேட்டால், தொடங்குகிறவருக்கு இதைவிட நல்ல வாத்தியார் இல்லை. முட்டையிலிருந்து வளர்ந்த பூச்சி வரை எல்லா வடிவமும் ஒரே பாத்தியில் கிடைக்கும்.

முட்டை இலையின் அடிப்பக்கம் இருக்கும். வரிசை பிசகாமல் நெருக்கி அடுக்கிய அறுகோணக் கூட்டம். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூடிய உயரமுள்ள பீப்பா, மேலே வட்டமான மூடி, மூடியின் விளிம்பைச் சுற்றி நுண்ணிய வெள்ளை முளைகள். இட்ட புதிதில் வெளிர்மஞ்சள். நாள் போகப்போக இளஞ்சிவப்பு ஏறும். பொரிப்பதற்கு முந்தின நாள் மூடிக்குள்ளால் இரண்டு சிவப்புக் கண்ணும் நடுவே கறுப்பாக ஒரு முக்கோணமும் தெரியும். அந்த முக்கோணம்தான் திறப்பு, அதாவது சாவி. குஞ்சு அதை உள்ளிருந்து அழுத்தி மூடியைக் கிளப்பும். மூடி ஒரு பக்கம் கதவுபோலத் திறந்து நிற்க, கால்களையும் உணர்கொம்புகளையும் வயிற்றோடு மடித்தபடி குஞ்சு மெல்ல மெல்ல மேலே வரும். முழுக்க வெளியே வந்தபிறகுதான் ஒவ்வொரு காலாக விரிக்கும். திறப்பு முட்டையின் வாயிலேயே வெள்ளைச் சவ்வோடு ஒட்டிக்கிடக்கும். நல்ல படத்தில் அதுவும் தெரியும்.

பொரித்த குஞ்சுகள் உடனே சாப்பிடப் போவதில்லை. வெறும் கோதுகளின் மேலேயே ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, முதல் தோல் கழற்றும் வரை சில நாள் அப்படியே இருக்கும். கமராக்காரருக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? அதன்பின் ஒவ்வொரு தோல் கழற்றலிலும் உடுப்பு மாறும். மொத்தம் ஐந்து பருவம். ஆரம்பத்தில் செம்மஞ்சள், அடுத்ததில் கறுப்பு, பிறகு கறுப்பிலும் பச்சையிலும் வெள்ளை, சிவப்புப் புள்ளிகள். பார்த்தால் ஐந்து வேறு பூச்சிகள் என்று சத்தியம் செய்வீர்கள். வளர்ந்தவற்றிலும் எல்லாம் ஒரே பச்சை இல்லை. தலையும் தோளின் முன் விளிம்பும் மஞ்சளாக இருப்பவை உண்டு, அதுவும் இதே இனம்தான். ஒரே பாத்தியை விடாமல் பார்த்து வந்தால்தான் இது பிடிபடும். இன்றைக்கு இங்கே, நாளைக்கு அங்கே என்று அலைந்து எடுத்த குஞ்சுப் படங்களுக்குப் பெயர் வைப்பது பெரும்பாடு.

இலையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தால் காம்பு முறிந்து வாடிவிடும், முட்டையும் காய்ந்துவிடும். சின்ன முகம்பார்க்கும் கண்ணாடி ஒன்றைக் குச்சியில் கட்டி இலைக்குக் கீழே நீட்டிப் பாருங்கள். முட்டை இருந்தால் மட்டும் இலையைத் திருப்பி உடுப்புக் கிளிப்பால் பக்கத்துத் தண்டோடு பிடித்துவிட்டுப் படம் எடுக்கலாம். எடுத்ததும் கிளிப்பைக் கழற்ற மறக்கக் கூடாது.

சில முட்டைக் கூட்டங்கள் இளஞ்சிவப்பாகாமல் சாம்பலாகி, கறுத்துப் போகும். பழுதாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். அவற்றுக்குள் இருப்பது குளவிக் குஞ்சு. ட்ரிசோல்கஸ், டெலினோமஸ் பேரினங்களைச் சேர்ந்த கறுப்புக் குளவிகள், மண்துணிக்கை அளவுதான் இருக்கும். தாய்க் குளவி ஒவ்வொரு முட்டையிலும் ஒரு முட்டை வைக்கும், உள்ளே வளரும் புழு கேடயப்பூச்சிக் கருவைத் தின்று முடித்துக் குளவியாகும். பூச்சி பொரித்த முட்டையில் மூடி அழகாகத் திறந்திருக்கும். குளவி வந்த முட்டையில் கடித்துத் துளைத்த ஓட்டை, விளிம்பு கரடுமுரடு. முதலில் வெளியே வருபவை ஆண் குளவிகள். வந்தவை பறந்து போகாமல் அதே முட்டைக் கூட்டத்தின்மேல் சுற்றிச் சுற்றி நடக்கும், பின்னால் வரும் பெண்களுக்காக. கௌப்பி இலைக்குக் கீழே தவழ்ந்தபடி இதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு காலையில் பக்கத்துக் கமக்காரர் வந்து நின்றார்.

"என்ன தம்பி, ஏதும் துலைச்சுப் போட்டியோ?"

"இல்லை ஐயா, பூச்சி பாக்கிறன்."

"உதுக்கு என்ன மருந்தடிக்கலாம், அதைச் சொல்லு முதல்."

இந்தக் கேள்வி கட்டாயம் வரும், பதிலோடு போவது நல்லது. அவருக்குக் கமராவின் திரையில் அந்தக் குளவியைப் பெரிதாக்கிக் காட்டினேன். மருந்தடித்தால் இதுவும் சேர்ந்து சாகும் ஐயா என்றேன். உடனே நம்பினார் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதன்பிறகு கறுத்த முட்டையைக் கண்டால் என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார்.

அவருக்கு இன்னொன்றையும் காட்டினேன், இது உண்மையிலேயே பயன்பட்டது. கேடயப்பூச்சி எல்லாம் செடியைக் குடிப்பதில்லை, சில மயிர்க்கொட்டியைக் குடிக்கும். இயோகாந்திகோனா, வயலில் திரியும் அன்ட்ராலஸ் ஆகியவை அப்படி. தோளில் கூரான முள் இருக்கும், ஆனால் செடி குடிக்கும் சிலவற்றுக்கும் முள் இருப்பதால் அதை மட்டும் நம்பக் கூடாது. உறிஞ்சுகுழலைப் பாருங்கள். செடி குடிப்பவற்றுக்கு அது மெல்லியது, தலையோடும் நெஞ்சோடும் படிந்திருக்கும். வேட்டைக்காரப் பூச்சிக்கு அது தடித்தது, தலைக்கு முன்னால் நேராக நீளும். அந்த முனையில் தன்னைவிடப் பெரிய புழுவைத் தொங்கவிட்டபடி அது தண்டில் நடப்பதைப் பக்கவாட்டில் எடுத்தால் படமே எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

கிணற்றடி அவரைக்கும் இதே பருவத்தில் ஆட்கள் வருவார்கள். அரை உழுந்துபோல உருண்டையான, பச்சையும் மண்ணிறமும் கலந்த சின்னப் பூச்சிகள் இளந்தண்டில் வரிசையாக அப்பிக்கொண்டிருக்கும். மெகாகொப்டா கிரிப்ரேரியாவும் அதன் உறவினரும். இவற்றில் கேடயம் முழு உடலையும் மூடியிருக்கும். முட்டைகளை இரண்டு வரிசையாக இடும். அந்த வரிசைகளுக்கு இடையே கபில நிறத்தில் நுண்ணிய பொட்டுகள் தெரிந்தால் கவனமாகப் படம் எடுங்கள். அவை தாய் விட்டுப் போகும் பக்றீரியாப் பொதிகள். குஞ்சு பொரித்ததும் முதல் வேலையாக அந்தப் பொதியில் வாயை வைத்து உறிஞ்சும். அந்த நுண்ணுயிர் வயிற்றுக்குள் போகாத குஞ்சு சரியாக வளராது. 2009இல் இந்தப் பூச்சி அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் போய் இறங்கி, சோயா விதைப்பவர்களுக்குப் பெரிய தலையிடியாகிவிட்டது. எங்கள் அவரைப் பந்தலில் பார்த்தால் அப்படி ஒன்றும் தோன்றாது.

பளபளக்கும் பூச்சி வேண்டும் என்றால் காட்டாமணக்கு வேலிக்குப் போகவேண்டும், சிலர் அதை ஆதாளை என்பார்கள். மழைக்குப் பிறகு காய்த்து நிற்கும்போது உலோகப் பச்சையும் நீலமுமாக, மேலே கரும்பொட்டுகளோடு, பூச்சிகள் காய்க்குலையில் கூட்டமாக இருக்கும். உடல் நீண்டிருந்தால் ஸ்கூட்டெல்லெரா, அகன்று குறுகியிருந்தால் கிரைசோகோரிஸ் என்பது என் முதல் கணிப்பு. பிறகு படத்தை வைத்து ஆறுதலாகப் பார்ப்பேன். இதைச் சாயம் என்று நினைக்காதீர்கள். மேலோட்டின் மெல்லிய அடுக்குகளில் ஒளி பட்டுத் தெறிப்பதால் வரும் நிறம். மேலிருந்து பச்சையாகத் தெரிந்தது பக்கத்திலிருந்து நீலமாகவோ ஊதாவாகவோ தெரியும். செத்துக் காய்ந்தால் மங்கிவிடும். ஆகவே பெட்டியில் வைத்துப் பின்னர் பார்ப்போம் என்றால் நடக்காது, உயிரோடு எடுத்த படம்தான் ஆதாரம்.

படம் எடுக்க மிகவும் கஷ்டமான பூச்சியும் இதுதான். முதுகு முழுவதும் வளைந்த கண்ணாடி. பிளாஷை நேராக அடித்தால் நடுவே வெள்ளைப் பொட்டு விழுந்து நிறமெல்லாம் போய்விடும். ஒளியைப் பரப்பவேண்டும். கடையில் விற்கும் பரப்பிகளைவிட எனக்குக் கைகொடுப்பது வெள்ளை யோகட் கப். அடியை வெட்டிவிட்டு பிளாஷில் மாட்டி, முன்னால் இரண்டு மடிப்பு ரிசுத் தாள் ஒட்டினால் சரி. அகலமான வெள்ளைத் தாளை மேலே வளைத்துப் பிடித்தால் இன்னும் நல்லது. வெளிச்சத்தை ஒரு ஸ்டொப் குறைத்து எடுங்கள். இருட்டான படத்தைப் பிறகு தூக்கலாம், வெந்துபோன வெள்ளையில் இருந்து எதுவும் கிடைக்காது. முகில் மூடிய காலையில் பிளாஷே வேண்டாம். மேகம் முழுவதும் ஒரு பெரிய பரப்பி மாதிரி வேலை செய்யும்.

சாதாரணப் பூச்சிகளுக்கு என்னுடைய கணக்கு: 90 அல்லது 100 மில்லிமீற்றர் மக்ரோ லென்ஸ், எஃப் 11, 1/200 செக்கன், பரப்பியோடு பிளாஷ். போனில் மாட்டும் கிளிப் லென்ஸும் பாவிக்கலாம். ஆனால் இரண்டு மூன்று சென்ரிமீற்றருக்குள் போகவேண்டியிருப்பதால் பனிக்காலை, முட்டை, புதிதாகப் பொரித்த குஞ்சு என்று அசையாதவற்றுக்குத்தான் சரிவரும்.

பங்குனி சித்திரை வந்தால் வேலி இலை கொட்டிவிடும், கமம் வெறுமை. கேடயப்பூச்சி இல்லாமல் போவதில்லை, இடம் மாறும். இந்த நாட்களில் நான் மரத்தண்டுக்குப் போவேன். வேம்பு, பாலை, மருது போன்ற சொரசொரப்பான பட்டையில் ஹேலிஸ் என்ற கேடயப்பூச்சி இருக்கும். பட்டையின் நிறம், பட்டையின் வெடிப்பு, எல்லாம் அதன் முதுகிலும் இருக்கும். பகலில் கண்ணுக்கு முன்னால் வைத்துக்கொண்டு தேடுவீர்கள். இரவில் ரோர்ச்சைத் தண்டோடு ஒட்டிப் பிடித்து, வெளிச்சம் பட்டையின்மேல் சாய்வாக வழுக்கிப் போகும்படி அடியுங்கள். பூச்சியின் நிழல் நீண்டு விழும். நிறத்தால் ஒளிந்தது நிழலால் பிடிபடும். படத்துக்கும் அதே சாய்வு வெளிச்சம்தான் நல்லது, நேர் பிளாஷ் அடித்தால் படத்தில் வெறும் பட்டைதான் இருக்கும்.

சோளகம் வீசத் தொடங்கினால் கமராக்காரருக்குச் சோதனைக் காலம். எள்ளுச் செடி நிற்கவே நிற்காது. பூவரசங்கம்பு ஒன்றை மண்ணில் குத்தி, அதன் நுனியில் உடுப்புக் கிளிப் கட்டி, செடியின் தண்டைப் பூச்சிக்குக் கொஞ்சம் கீழே பிடித்துவிடுவேன். பாதி ஆட்டம் நின்றுவிடும். மீதியைக் காற்று மூச்சு வாங்கும் இடைவெளியில் சமாளிக்கலாம். செம்மண் புழுதி பறக்கும் காலம், வெளியில் வைத்து லென்ஸ் மாற்றாதீர்கள். அந்தியில் மோட்டார் சைக்கிளில் வயலோரம் வந்தால் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டு வாருங்கள். கேடயப்பூச்சியின் நீர் கண்ணில் பட்டால் அன்றைக்குப் படமும் இல்லை, நித்திரையும் இல்லை. தோலில் பட்டால் மஞ்சளாகக் கறை பிடிக்கும், சில நாளில் போய்விடும்.

வளர்ந்த பூச்சிக்கு அந்த நீர்ச் சுரப்பி நெஞ்சின் அடிப்பக்கம், கால்களுக்கு அருகே. குஞ்சுக்கு வயிற்றின் மேல்பக்கம், முதுகு நடுவே ஒன்றின்கீழ் ஒன்றாகத் தெரியும் கறுப்புத் திட்டுகளில். வளரும்போது சுரப்பியே இடம் மாறுவது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். வளர்ந்த பூச்சிகளில் அந்தச் சுரப்பி வாயின் அமைப்பு இனத்துக்கு இனம் வேறுபடும் என்பதால், அடிப்பக்கப் படம் பெயர் கண்டுபிடிக்க மிகவும் உதவும். அதற்கு ஒரு தெளிவான பிளாஸ்ரிக் பெட்டி போதும். பூச்சியை உள்ளே நடக்கவிட்டு, பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கி, கீழேயிருந்து இரண்டு படம் எடுத்துவிட்டு அதே செடியில் விட்டுவிடுங்கள். வெயிலில் பெட்டியை வைக்கக் கூடாது, நிமிடக்கணக்கில் செத்துவிடும்.

ஐப்பசி முதல் மழை விழுந்த இரவு வேறு எங்கும் போகாமல் வீட்டு விறாந்தையில் இருங்கள். ஈசலோடு சேர்ந்து லைற்றடிக்குக் கறுத்து மினுங்கும் சின்னப் பூச்சிகள் வந்து விழும். காலைத் தூக்கிப் பார்த்தால் வரிசையாக முள். மண்ணைக் கிண்டி வேரடியில் வாழும் சிட்னிடே குடும்பம். வருடத்தின் மற்ற நாளெல்லாம் நிலத்துக்குள் இருப்பவை, தேடிப் போனால் கிடைக்காது. வெள்ளைச் சீலை ஒன்றைச் சுவரில் கட்டி லைற்றைப் போட்டால் வேலை சுகம். பல்லிகளும் வரும், அவற்றோடு போட்டி போடவேண்டியிருக்கும். நெற்பயிர் நிற்கும் காலத்தில் ஸ்கோட்டினோபாரா என்ற கறுப்பு நெற்பூச்சியும் இதே வெளிச்சத்துக்கு வரும்.

கார்த்திகை அடைமழையில் வெளியே போய்ப் பயனில்லை. அந்த மாதம் லென்ஸைக் காப்பாற்றும் மாதம். ஈரத்தில் பூஞ்சணம் பிடித்தால் துடைத்துப் போகாது. றப்பர் விளிம்புள்ள சாப்பாட்டுப் பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல், அவ்வளவும் போதும். மழை விட்ட மார்கழியில் தரிசு நிலத்தில் மஞ்சள் பூவோடு நாய்வேளை முளைக்கும். அதிலும், யாராவது கோவா முள்ளங்கி போட்டிருந்தால் அதிலும், கறுப்பு, செம்மஞ்சள், வெள்ளைப் புள்ளிகளோடு பக்ராடா என்ற கேடயப்பூச்சி திரியும். சோடியாக ஒட்டிக்கொண்டு ஒன்று முன்னும் மற்றது பின்னுமாக நடக்கும். மற்றவை இலையில் முட்டை வைக்க, இது பெரும்பாலும் மண்ணில் தனித்தனியாக வைக்கும். அதனால் இதன் முட்டைப் படம் கிடைத்தால் அதிர்ஷ்டம்தான்.

வெளியே போகும்போது சில விசயங்கள். கண்ணிவெடி எச்சரிக்கை மண்டையோட்டுப் பலகை இருந்த காணி, வெடி அகற்றி முடிந்ததா என்று தெரியாத பற்றை, பாழடைந்த வளவு, இவற்றுக்குள் ஒரு அடியும் வைக்காதீர்கள். முழங்காலில் தவழ்கிற எங்களுக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் ஆபத்து. ஊர்க்காரரிடம் கேளுங்கள், அவர்கள் மாடு கட்டும் இடம் வரை போங்கள். குளக்கட்டில் விடியற்காலை யானை நிற்கும். புடையன் பாம்பு சருகுக்குள் படுத்திருக்கும். சப்பாத்து, நீளக் காற்சட்டை, தடி மூன்றும் வேண்டும். உண்ணி கடித்தால் அது வேறு தொல்லை. மடு வீதி, சுண்டிக்குளம் இரண்டும் 2015இல் தேசியப் பூங்காக்களாகிவிட்டன. அங்கே வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் ஒரு பூச்சியைக்கூட எடுத்துக்கொண்டு வர முடியாது.

ஒவ்வொரு பூச்சிக்கும் நான் எடுக்கும் படங்கள்: மேலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று, முகம் ஒன்று, முடிந்தால் அடிப்பக்கம், கட்டாயம் செடி. பூச்சி மட்டும் நிறைந்திருக்கும் அழகான படத்தைவிட, செடியின் இலையும் காயும் தெரியும் சுமாரான படம் பெயர் கண்டுபிடிக்க அதிகம் உதவும். கையில் கொப்பி ஒன்று, அதில் திகதி, இடம், செடியின் ஊர்ப்பெயர், மழை பெய்ததா, காற்றா, மருந்தடித்த மணம் இருந்ததா. இந்தியா, இலங்கை, பர்மா மூன்றிலும் இருந்த கேடயப்பூச்சிகளைத் தொகுத்து விவரித்த டிஸ்டன்ட் அந்தத் தொகுதியை வெளியிட்டது 1902இல்; இன்னும் அதைப் புரட்ட வேண்டித்தான் இருக்கிறது. அவர் காய்ந்த உடலைப் பார்த்து எழுதியவர், நிறத்தைப் பற்றிய அவர் வரிகளை உயிருள்ள பூச்சியோடு ஒப்பிடும்போது கவனம் வேண்டும்.

பேரினத்தோடு நிறுத்துவதில் எனக்கு வெட்கமில்லை. படத்தை வைத்து இனம் வரை போகக்கூடியவை கொஞ்சம்தான். மற்றவற்றுக்கு வயிற்றைத் திறந்து உறுப்பைப் பார்க்கவேண்டும், அது என் வேலை அல்ல. லைற்றடிக்கு வந்த மண்கிண்டிகள் மட்டும் கணினியில் ஒரு ஃபோல்டர் நிறைய இருக்கின்றன. அந்த ஃபோல்டருக்கு 'கறுப்பு' என்று பெயர் வைத்திருக்கிறேன்.